முதல் உளி: வாங்குவதும் தீட்டி எடுப்பதும்

கடையில் வாங்கிய அன்றே உளியை மரத்தில் வைத்து அடித்துப் பார்த்து, "இது ஏமாத்துச் சாமான்" என்று மூலையில் எறிந்தவர்களில் நானும் ஒருவன். மட்டக்களப்பு மாமாங்கத் திருவிழா நாட்களில் வீதியோரம் பாய் விரித்துப் போட்டிருந்த ஒரு கடையில், மஞ்சள் பிடி போட்ட ஆறு உளிகள் ஒரே உறையில் இருந்ததைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் கிடந்த பழைய முதிரை நிலைத்துண்டு ஒன்றில் கதவுப் பிணைச்சல் பதிய இறக்குவதற்குக் கோடு போட்டு, உளியை வைத்து ஒரு தட்டு. மரத்தில் சின்னக் கீறல் விழுந்தது. உளியின் வாய் தகரம் மாதிரி ஒரு பக்கம் மடிந்து போயிருந்தது. பக்கத்து வளவில் தச்சு வேலை செய்யும் ஓடாவி மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மனே, இது உளியில்ல, உளி மாதிரி ஒண்டு" என்றார். பிறகு தன்னுடைய பெட்டிக்குள் இருந்து பிடி கறுத்து, அலகு பாதியாகத் தேய்ந்த அரை அங்குல உளி ஒன்றை எடுத்துத் தந்தார். அதே முதிரையில், கையால் தள்ளியதற்கே, சீவல் கடதாசி மாதிரிச் சுருண்டு வந்தது.

அவருடைய உளியும் வாங்கின அன்று அப்படி வெட்டியிருக்காது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நல்ல உருக்கில் செய்த உளியாக இருந்தாலும் கடையிலிருந்து வரும்போது அது அரைவாசி வேலை முடிந்த சாமான்தான். தொழிற்சாலையில் வடிவம் கொடுத்து, சூடுகாட்டிக் கடினமாக்கி, கரடுமுரடான சில்லில் ஒரு சரிவு பிடித்து அனுப்புகிறார்கள். மிச்சத்தை நாம் செய்ய வேண்டும். இதை எனக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும், அதனால்தான் இதை எழுதுகிறேன். தச்சு வேலையில் புதிதாகக் கை வைப்பவர்களுக்கு, வீட்டுக்கு ஒரு வாங்கோ ராக்கையோ தானே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு.

எந்த உளி, எத்தனை

ஒன்று போதும். ஆறு உளிப் பெட்டி வாங்கும் காசுக்கு நல்ல உளி ஒன்றும் தீட்டுவதற்கான சாமான்களும் வாங்கலாம். தொடங்குபவர் செய்ய வேண்டிய கணக்கு அதுதான்.

ஓடாவிமார் இன்னும் அங்குலத்தில்தான் பேசுகிறார்கள்: கால், அரை, முக்கால், ஒண்டு. உளியில் 6, 12, 18 அல்லது 19, 25 மில்லிமீட்டர் என்று அடித்திருக்கும். இதில் அரை அங்குலத்தை முதலில் வாங்குங்கள். பிணைச்சல் இறக்கும் பள்ளத்தின் மூலைகளைச் சுத்தமாக்க அதுதான் வசதி. சட்டங்களைக் கழுந்தும் துளையுமாக (ஒன்றின் ஒடுக்கிய நுனி மற்றதன் துளைக்குள் போகும்படி) பொருத்தும்போது துளையின் அகலம் மரத்தின் தடிப்பில் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு, அப்படிப் பார்த்தால் ஒன்றரை அங்குலச் சட்டத்துக்கு அரை அங்குல உளி அளவெடுத்த மாதிரி வந்து உட்காரும். அடுத்தது எது என்று கேட்டால் ஒரு அங்குலம், அதன் பிறகு கால். முக்கால் அங்குலம் இல்லாமல் நான் வருடக்கணக்காக வேலை செய்கிறேன்.

வகையைப் பற்றியும் ஒரு சொல். பக்கங்கள் இரண்டும் சரிவாக, அலகு மெல்லியதாக இருப்பது பொது வேலைக்கானது, ஒடுக்கமான மூலைக்குள்ளும் நுழையும். பக்கங்கள் நேராக, அலகு சதுரமாகத் தடித்து இருப்பது அடித்து வேலை செய்ய. அகலத்தை விடத் தடிப்புக் கூடியதாக இருப்பது துளை உளி, ஆழமாகத் துளை எடுத்து மரத்தை நெம்பி வெளியே எடுப்பதற்கு. முதல் உளிக்குச் சரிவுப் பக்கம் உள்ளதே சரி. அதை வைத்து நெம்பக் கூடாது, பெயின்ட் டின் மூடியும் திறக்கக் கூடாது. (வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். என்னுடைய ஒரு அங்குல உளியின் வாயில் பல் மாதிரி உடைந்திருந்த பள்ளம் ஒரு டிஸ்டெம்பர் வாளியால் வந்தது.)

கடையில் நின்று பார்க்க வேண்டியது

மட்டக்களப்பு நகருக்குள்ளோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஹாட்வெயார் கடைக்குப் போகும்போது ஒரு இரும்பு அடிமட்டத்தைக் கையோடு கொண்டுபோங்கள். உளியின் சரிவில்லாத பக்கத்தை முதுகு என்று வைத்துக்கொள்வோம், இனி முழுக்க அந்தப் பெயர்தான் வரும். அடிமட்டத்தின் ஓரத்தை அந்த முதுகின் மேல் நெடுக்கே நிறுத்தி, கடை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிந்தால் முதுகு கொஞ்சம் குழிவு. அது பரவாயில்லை, தேய்ப்பதற்கு இன்னும் சுகம். ஜப்பான்காரர் தங்கள் உளியின் முதுகில் வேண்டுமென்றே குழி எடுக்கிறார்கள். அடிமட்டம் நடுவில் தட்டி இரண்டு முனையிலும் ஆடினால் முதுகு வயிறு தள்ளியிருக்கிறது என்று அர்த்தம், அதைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். வயிறு தள்ளிய முதுகைத் தேய்க்கத் தேய்க்க அது உருளுமே தவிர மட்டத்துக்கு வராது. பிறகு ஒரு கண்ணை மூடி, துவக்குக் குறி பார்ப்பது போல் பிடியிலிருந்து வாய் வரை பாருங்கள். அலகு முறுக்கியிருந்தாலும் பிடிக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலும் வேண்டாம்.

அலகில் "குரோம் வனேடியம்" என்று அடித்திருப்பதைக் கடைக்காரர் பெரிதாகக் காட்டுவார். அது உருக்கில் என்ன கலந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும். வாய் நிற்குமா மடியுமா என்பது அந்த உருக்கை எப்படிச் சூடாக்கி ஆற வைத்தார்கள் என்பதில் இருக்கிறது. உறையில் ராக்வெல் என்ற கடின அளவு எழுதியிருந்தால் 58 முதல் 62 வரை நல்லது. எழுதாத உளிதான் நம் பக்கத்துக் கடைகளில் அதிகம், அதற்கு அரச் சோதனை இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் சின்ன அரம் ஒன்றை வாய்க்குப் பக்கத்தில், சரிவின் மேல், மெதுவாக ஒரு தரம் ஓட்டுங்கள். கண்ணாடியில் ஓடுவது போல் வழுக்கினால் கடினம் இருக்கிறது. ஆணியைக் கடிப்பது போல் கடித்துத் தூள் எடுத்தால் என்னுடைய மஞ்சள் பிடிச் சாதிதான். பழகிய கடையென்றால் வாங்கும் முன்பே கேட்டுப் பார்க்கலாம்.

பெயர் பெற்ற கம்பனி உளிகள் பற்றிக் கேட்பார்கள். ஸ்டான்லி, பாக்கோ, செக் நாட்டு நாரெக்ஸ் எல்லாம் நல்ல சாமான்கள்தான், ஆனால் பிரபலமான பெயர்களுக்குப் போலியும் இருக்கும், அச்சு மங்கலாக இருந்தால், எழுத்துப் பிழை இருந்தால் விலகிவிடுங்கள். கட்டாரிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வரும் மச்சான் என்ன வேண்டும் என்று கேட்டால் சொக்கலேற்றுக்குப் பதிலாக 12 மில்லிமீட்டர் உளி ஒன்று கேளுங்கள், பாரம் 200 கிராம் கூட வராது. கைப்பையில் மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய உளியும் கம்மாலை உளியும்

இந்த இரண்டும் கடை உளியை விட எனக்குப் பிடித்தவை. ஓய்ந்துபோன ஓடாவிமாரின் வீடுகளில், பழைய இரும்புக் கடைகளில், ஷெஃபீல்ட் என்று அடித்த இங்கிலாந்து உளிகள் அபூர்வமாகக் கிடைக்கும். அதில் "காஸ்ட் ஸ்டீல்" என்று பொறித்திருந்தால் வார்ப்பிரும்பு என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். ஷெஃபீல்டில் 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் தொடங்கிவைத்த முறையில் மூசையில் (சூடு தாங்கும் மண் கிண்ணத்தில்) உருக்கி ஊற்றிய உருக்கு அது, அந்தக் காலத்து வெட்டு ஆயுதங்களுக்கு அதுதான் பெருமைக்குரிய முத்திரை. பழைய உளியில் பார்க்க வேண்டியது கறள். மேலே படிந்த கறள் பிரச்சினையே இல்லை. முதுகில், வாய்க்குப் பக்கத்தில், அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் விழுந்திருந்தால்தான் தலையிடி, ஏனென்றால் ஒவ்வொரு குழியும் வாய்க்கோட்டுக்கு வரும்போது ஒரு பல்லாக மாறும். குழிகள் வாயிலிருந்து இரண்டு சென்ரிமீட்டருக்கு மேலே இருந்தால் வாங்குங்கள், அங்கே தேய்ந்துபோக உங்களுக்குப் பல வருடம் எடுக்கும்.

கறள் பிடித்ததை வினாகிரியில் ஒரு இரவு ஊறவைத்து, காலையில் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் உரசினால் கறுப்பாகக் கழன்று வரும். உடனே அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து எண்ணெய் பூசுங்கள். மரப்பிடி இருந்தால் அலகு மட்டும் நனையும்படி போத்தலில் நிறுத்தி வையுங்கள். நாள் கணக்கில் ஊற விடாதீர்கள், வினாகிரி நல்ல உருக்கையும் தின்னும்.

கம்மாலையில் கொல்லர் அடித்துத் தரும் உளி பெரும்பாலும் லொறியின் வில்லுத் தகட்டில் செய்வது. அந்த உருக்கில் கரி 0.6 வீதம் அளவில் இருக்கும், உளிக்கென்று வார்த்த உருக்கில் அதைவிடக் கூட. அதனால் வில்லுத் தகட்டு உளி அடி தாங்கும், லேசில் உடையாது, ஆனால் கூர் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும். துளை உளிக்கு இது அருமை, துளை எடுக்கும்போது தலைமயிர் சிரைக்கும் கூர் தேவையில்லை. பழைய அரத்தில் அடித்த உளி இதற்கு நேர்மாறு. கூர் நன்றாக நிற்கும், ஆனால் திரும்ப அளவாகச் சூடுகாட்டிச் சரியாகப் பதம் இறக்காவிட்டால் பாலை மரத்தில் ஒரு அடியோடு வாய் சிதறும். கொல்லரிடம் என்ன மரத்துக்கு, என்ன வேலைக்கு என்று சொல்லிச் செய்வியுங்கள், அவர் அதற்கேற்ற மாதிரிப் பதம் பார்ப்பார்.

தீட்டும் சாமான்கள்

தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று, 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல். அலுமினிய யன்னல் செய்யும் கடைகளில் கழிவுத்துண்டு கேட்டால் சும்மா தருவார்கள், ஓரத்தை உரசித் தரச் சொல்லுங்கள். தரையோடு, டைல் துண்டு, பழைய மாபிள் என்றெல்லாம் நான் முயற்சி செய்தேன். டைலைப் பற்றி எச்சரிக்கை, பார்வைக்கு மட்டமாக இருக்கும், அடிமட்டம் வைத்தால் நடு மேடு தெரியும்.

அடுத்தது வோட்டர் பேப்பர், வாகனத்துக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் பாவிக்கும் கறுப்புத் தாள். 220, 400, 600, 1000, 2000 இலக்கங்களில் இரண்டிரண்டு தாள். வாகன பெயின்ட் கடையில் எல்லா இலக்கமும் இருக்கும், சாதாரண ஹாட்வெயாரில் 400க்கு மேல் கிடைப்பது சந்தேகம். கண்ணாடியில் தண்ணீர் தெளித்து மேலே தாளை ஒட்டினால் நகராமல் நிற்கும்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே எண்ணெய்க்கல் இருந்தால் நல்லது, ஆனால் முதலில் அதன் மேல் அடிமட்டத்தை வையுங்கள். பத்தில் எட்டுக் கல் நடுவில் ஓடம் மாதிரிக் குழிந்திருக்கும். குழிந்த கல்லில் மட்டமான முதுகு வராது. சீமெந்துத் தரையில் ஆற்று மணலும் தண்ணீரும் போட்டுக் கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள், ஒரு பின்னேரத்து வேலை. கல்லுக்கு மண்ணெண்ணெயும் மெஷின் எண்ணெயும் சரிபாதி கலந்து விடுங்கள். வெறும் தேங்காயெண்ணெய் விட்டால் தூளோடு பசையாகிக் கல்லின் கண் அடைந்துவிடும். பழைய ஆட்கள் வைத்திருந்த சாணை குருந்தக்கல் தூளை அரக்கில் குழைத்துச் செய்தது. கொரண்டம் என்று இன்றைக்கு உலகம் முழுவதும் அந்தக் கல்லுக்கு வழங்கும் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான்.

கடைசியாக, ஒரு பழைய தோல் பெல்ட். ரெக்சின் சரிவராது, உண்மையான தோல் வேண்டும்.

முதுகு

பொறுமை போகிற இடம் இதுதான். பலர் இதைத் தாண்டி நேரே சரிவைத் தீட்டப் போவதால்தான் உளி கடைசிவரை வெட்டுவதில்லை. வாய் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. ஒன்று சரிவு, மற்றது முதுகு. முதுகில் தொழிற்சாலைச் சில்லின் கீறல்கள் அப்படியே இருந்தால் அந்தக் கீறல் ஒவ்வொன்றும் வாய்க்கோட்டில் போய்த்தான் முடியும், நீங்கள் சரிவை எவ்வளவு மினுக்கினாலும் வாய் மரம் அரியும் சின்ன வாளின் பல்லாகவே இருக்கும்.

முதலில் அலகில் பூசியிருக்கும் வார்னிஷைத் தின்னரால் துடைத்து எடுங்கள். முதுகில், வாயிலிருந்து மூன்று சென்ரிமீட்டர் தூரத்துக்கு, மார்க்கர் பேனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். 220 தாளில் முதுகை வைத்து, வாய்க்குப் பக்கத்தில் இரண்டு விரலால் அழுத்தி, முன்னும் பின்னும் பத்துத் தரம் இழுத்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். மை அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். புதிய உளியில் அநேகமாக இரண்டு ஓரமும் அழிந்து நடுவும் வாய்க்கோடும் அழியாமல் நிற்கும். வாய்க்கோடு முழுவதும், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, ஒரே மாதிரிச் சாம்பல் நிறமாகும் வரைக்கும் 220ஐ விட்டு நகர வேண்டாம். எனக்கு முதல் உளிக்கு ஒன்றே கால் மணித்தியாலம் எடுத்தது. நல்ல உளிக்குப் பதினைந்து நிமிடத்திலும் முடிந்திருக்கிறது. மேலே நடுவில் பள்ளம் மிச்சம் இருந்தால் இருக்கட்டும், அலகு முழுவதையும் கண்ணாடியாக்கத் தேவையில்லை, வாய்க்குப் பக்கத்து இரண்டு மூன்று சென்ரிமீட்டர் போதும்.

ஒரே ஒரு பிழைதான் இங்கே லேசில் திருத்த முடியாதது: பிடியைத் தூக்குவது. கை களைத்ததும் தன்னை அறியாமல் பிடி ஒரு நூல் அளவு எழும்பும், முதுகின் வாய்ப்பக்கம் உருண்டுவிடும், பிறகு அந்த உருட்டல் போகும் வரை அலகையே தேய்த்துக் குறைக்க வேண்டும். அதனால் ஒரு கை அலகை அழுத்தவும் மற்றக் கை சும்மா தாங்கவும் மட்டும். களைத்தால் நிறுத்தித் தேத்தண்ணீர் குடியுங்கள்.

220 முடிந்ததும் 400, பிறகு 600, 1000, 2000. ஒவ்வொரு தாளிலும் முந்திய தாளின் கீறல் திசைக்குக் கொஞ்சம் சரித்துத் தேய்த்தால், பழைய கீறல் போய்விட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும். தாள் மாற்றும்போது அலகையும் கையையும் கழுவுங்கள், 220 மணல் ஒன்று 1000 தாளுக்குள் வந்தால் ஒரு நீளக் கீறல் போட்டுவிட்டுத்தான் போகும். சத்தத்தையும் கவனியுங்கள். தொடக்கத்தில் கரகரவென்று வரும், அந்தத் தாளின் வேலை முடியும்போது சத்தம் அடங்கி, அலகு தாளில் ஒட்டி இழுப்பது போல் ஒரு பிடிப்பு வரும். கடைசியில் முதுகில் உங்கள் கண் இமை தெரிய வேண்டும். ஆறுதலான செய்தி என்னவென்றால், ஒரு உளிக்கு இது ஆயுளில் ஒருமுறைதான்.

சரிவு

பொதுவாக 25 பாகை. மலைவேம்பு, பலா மாதிரியான மென்மையான மரத்துக்கு அது அப்படியே போதும். வேம்பு, தேக்குக்கு வாய்நுனியில் மட்டும் 30 பாகையில் ஒரு சின்ன இரண்டாம் சரிவு. முதிரை, பாலைக்கு 35 வரை போகலாம். பாலை தண்ணீரில் தாழும் மரம், 25 பாகை மெல்லிய வாயை அதில் அடித்தால் நொருங்கும். தேக்கு வெட்டச் சுகமாக இருந்தாலும் அதற்குள் நுண்மணல் மாதிரிச் சிலிக்கா இருப்பதால் வாய் நினைத்ததை விடச் சீக்கிரம் மழுங்கும், அதற்கு உளியைக் குறை சொல்ல வேண்டாம்.

பாகையை அளக்கப் பாகைமானி தேவையில்லை. அலகின் தடிப்பை அளவுங்கள், சரிவின் நீளத்தை அளவுங்கள். சரிவு தடிப்பின் இரண்டு மடங்காக இருந்தால் 30 பாகை, இரண்டே கால் மடங்கைத் தாண்டி இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் 25.

கையால் தீட்டப் பழகியவர்கள் பழகியபடி தீட்டட்டும். புதியவர்களுக்கு, உளியை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும், அடியில் சின்னச் சில்லு வைத்த கவ்வியைத்தான் சிபாரிசு செய்வேன், விலையும் பெரிதில்லை. அந்த வகைக் கவ்வியில் உளியின் வாய் 40 மில்லிமீட்டர் வெளியே நீட்டினால் 25 பாகை, 30 மில்லிமீட்டர் நீட்டினால் 30 பாகை. ஒவ்வொரு முறையும் அடிமட்டம் தேடாமல், ஒரு பலகைத் துண்டில் இந்த இரண்டு தூரத்திலும் ஒவ்வொரு கட்டையை அறைந்து வைத்துக்கொண்டால் உளியை முட்டக் கொடுத்து இறுக்கிவிடலாம்.

400 தாளில், தள்ளும்போது விட்டு இழுக்கும்போது மட்டும் அழுத்துங்கள், தள்ளும்போது அழுத்தினால் வாய் தாளைக் கிழிக்கும். சில இழுவைகளுக்குப் பிறகு முதுகுப் பக்கத்தில், விரலை அலகிலிருந்து வாயைத் தாண்டி வெளியே வழுக்கிப் பாருங்கள் (ஒருபோதும் வாயின் நெடுக்கே வேண்டாம்). நகத்தில் கம்பளி நூல் சிக்குவது போல ஒரு சுரசுரப்புத் தட்டும். அதுதான் பிசிறு. சரிவு வாய்க்கோடு வரைக்கும் வந்து உருக்கு மறுபக்கம் மடிந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். ஒரு மூலையில் தட்டி மறு மூலையில் தட்டாவிட்டால் வேலை முடியவில்லை, தட்டாத மூலையில் விரலைக் கொஞ்சம் கூட அழுத்தி இன்னும் இழுங்கள். முழு அகலத்துக்கும் பிசிறு வராமல் அடுத்த தாளுக்குப் போவதுதான் நான் பார்த்த அத்தனை புதியவர்களும் விடும் பிழை, நான் விட்டதும் அதேதான். மூலை மழுங்கலாக இருக்கும், 2000 தாளில் அரை மணித்தியாலம் உரசினாலும் அது மழுங்கல்தான்.

பிசிறு வந்த பிறகு 1000, 2000 ஆகியவற்றில் பத்துப் பதினைந்து இழுவை போதும். இப்போது கவ்வியைக் கழற்றி, முதுகை 2000 தாளில் மட்டமாகப் படுக்க வைத்து ஓரிரண்டு முறை இழுத்துப் பிசிறை மறுபக்கம் தள்ளி, திரும்பச் சரிவில் ஒரு இழுவை. மாறி மாறிச் செய்யும்போது அது மெலிந்து விழும். மிச்சத்தைத் தோல் பார்த்துக்கொள்ளும். பெல்ட் துண்டைப் பலகையில் ஒட்டி, பச்சைக் கட்டியாக விற்கும் பொலிஷைத் தேய்த்து, உளியைப் பின்னோக்கி மட்டும் இழுங்கள், சரிவுப் பக்கம் இருபது, முதுகுப் பக்கம் பத்து. இதில் முன்னே தள்ளினால் தோலை வெட்டிவிடும்.

வாய் கூராகிவிட்டதா என்று கையில் மயிர் மழித்துப் பார்ப்பார்கள், பார்க்க வடிவாகத்தான் இருக்கும். நான் நம்புவது வேறு. முதலில், பல்புக்குக் கீழே வாயை நேரே கண்ணை நோக்கித் திருப்பிப் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது, கறுப்பாக மறையும். மழுங்கிய இடம் வெள்ளை நூலாக மினுங்கும். அடுத்தது, இறக்குமதிப் பெட்டிகளின் பைன் பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, அதன் குறுக்குவெட்டு முகத்தில் கையால் தள்ளி ஒரு சீவல் எடுங்கள். அடித்து முறிக்காமல், மெழுகு வெட்டியது போல் மினுங்கும் முகம் வந்தால் சரி. வெள்ளையாகப் பொடிந்து, நார் பிய்ந்து வந்தால் பிசிறு போகவில்லை, அல்லது பிசிறே வரவில்லை. மென்மரத்தில் இது கடினமான சோதனை, வன்மரம் மழுங்கிய உளியையும் மன்னித்துவிடும்.

பென்ச் கிரைண்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு கதை. பல் விழுந்த நல்ல உளி ஒன்றை விரைவாகச் சரி செய்யலாம் என்று சில்லில் பிடித்தேன், ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, மூலையில் முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, கண் சிமிட்டுவதற்குள் நீலம். நீலம் என்றால் அந்த இடம் 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாகிக் கடினம் இறங்கிவிட்டது. பிறகு தண்ணீரில் போட்டாலும் திரும்பாது. அந்த மூலை தேய்ந்து போகும் வரைக்கும் மூன்று மில்லிமீட்டர் அலகு வீணாகப் போனது. பக்கத்தில் ஒரு பேணித் தண்ணீர் வைத்து, இரண்டு செக்கன் பிடித்து இரண்டு செக்கன் தோய்த்து, வெறும் விரலால் தொட முடியாத சூடு வந்தால் நிறுத்த வேண்டும். பல் விழாத உளிக்குக் கிரைண்டர் தேவையே இல்லை.

பிடி

உருக்கைப் பார்த்து முடிந்தால் பிடியையும் பாருங்கள். மேலே இரும்புத் தொப்பி போட்ட பிளாஸ்டிக் பிடியைச் சுத்தியலால் அடிக்கலாம். மரப்பிடிக்கு மரச் சுத்தியலான கொட்டாப்புளிதான், சுத்தியல் பிடியைப் பூவாக விரித்துவிடும். கொட்டாப்புளியை நாமே செய்யலாம், புளியமர வைரம் ஒரு துண்டு கிடைத்தால் தலைமுறைக்கும் இருக்கும். பிடி மாற்ற வேண்டுமானால் கொய்யா, விளா, நாவல் நன்றாக உழைக்கும், ஆனால் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் பிடி போட்டு மாரிகாலம் முழுக்க வேலை செய்தேன், ஆடியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் மரம் சுருங்கி, பிடியைச் சுற்றியிருந்த இரும்பு வளையமான பூண் கையோடு கழன்று வந்துவிட்டது. இப்போதும் கச்சான் நாட்களில் பூணைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உளியை எடுப்பது.

இன்னொரு சின்ன விஷயம், புதிய உளியின் பக்க ஓரங்கள் கத்தி மாதிரி இருக்கும், சுட்டுவிரல் அதில்தான் கிடக்கும். 400 தாளால் அந்த ஓரங்களை மட்டும், வாய்க்கு இரண்டு சென்ரிமீட்டர் மேலிருந்து, மழுக்கிவிடுங்கள்.

முதல் வெட்டும், கறளும்

வேம்பு மரத்துண்டை மேசையில் இறுக்கிக் கட்டுங்கள், ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் வெட்டுவது என்பது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. இரண்டு கையும் எப்போதும் வாய்க்குப் பின்னால். கத்தியால் கோடு கீறி, கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே, சரிவு கழிவுப் பக்கம் பார்க்க உளியை நிமிர்த்தி வைத்து மெதுவாகத் தட்டுங்கள், இரண்டு மில்லிமீட்டர் ஆழம் போதும். அந்தப் படி கழன்ற பிறகு அடுத்தது. கோட்டிலேயே உளியை வைத்து அடித்தால் சரிவு ஆப்பு மாதிரி அலகைப் பின்னே தள்ளி, துளை கோட்டைத் தாண்டிப் பெருத்துவிடும். எல்லாம் எடுத்து முடிந்ததும் கடைசி ஒரு மில்லிமீட்டரை அடிக்காமல், உளியின் முதுகைக் கோட்டில் பொருத்திக் கையால் தள்ளுங்கள். முதுகை மட்டமாக்க எடுத்த நேரம் இங்கேதான் வரவுக்கு வரும், அது தானே நேராக இறங்கும்.

வேலை நடுவே உளி கொஞ்சம் இழுக்கத் தொடங்கினால் தோலில் பத்து இழுவை. தோலும் உதவாதபோது 2000, மிஞ்சினால் 1000. முழுவதும் மழுங்கும் வரை காத்திருந்தால் திரும்ப 400இலிருந்து தொடங்க வேண்டி வரும்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே குடியிருக்கும் நமக்குக் கறள் தனிப் பிரச்சினை. உப்புக் காற்று ஒரு பக்கம், நம் வியர்வை மறுபக்கம். கல்லடிப் பக்கம் இருக்கும் ஒரு நண்பர் தீட்டிய உளியை இரவு மேசையில் விட்டுவிட்டுப் படுத்தார், விடியத் தன் விரல் அடையாளங்களை அலகில் மஞ்சளாகக் கண்டார். வேலை முடிந்ததும் துடைத்து, தேங்காயெண்ணெய் தோய்த்த துணியால் ஒருமுறை தடவுங்கள், மெஷின் எண்ணெயும் சரி. தோல் உறையில் போட்டு மாதக்கணக்காக விடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் பாவிக்காத உளிகளை எண்ணெய்த் துணியில் சுற்றி, இறுக்கமாக மூடும் பிஸ்கட் பேணிக்குள் போட்டு அலுமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுகிறேன். பேணியின் மேல் "ஊசி நூல்" என்று எழுதியிருக்கிறது, அது பெயின்ட் டின் திறக்க வருபவர்களுக்காக.